புவியில் பரவிய கணினிக் கொத்து

புவியில் பரவிய கணினிக் கொத்து என்பது ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் நிறுவப்பட்ட கணினிகள், ஒரே தரவைத் தம்மிடம் வைத்துக்கொண்டு ஒரே அமைப்பாக இயங்கும் ஏற்பாடு ஆகும். தீ, வெள்ளம், நிலநடுக்கம், போர் போன்றவற்றால் ஓர் இடம் முழுவதும் அழிந்தாலும், மற்ற இடத்தில் உள்ள கணினிகள் பணியைத் தொடர வேண்டும் என்பதே இதன் நோக்கம். வங்கிகள், பங்குச் சந்தைகள், தொலைபேசி நிறுவனங்கள், அரசுப் பதிவேடுகள் போன்றவை இத்தகைய அமைப்புகளை நம்பியே இயங்குகின்றன.

இதனைக் காப்பு நகலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. காப்பு நகல் என்பது நேற்று இரவு எடுத்து வைத்த படி போன்றது; அதிலிருந்து மீண்டும் அமைப்பைக் கட்டியெழுப்பப் பல மணி நேரமோ பல நாட்களோ ஆகலாம். பரவிய கொத்தில் இரண்டாவது இடம் எப்போதும் விழித்திருக்கிறது. ஒரு நிறுவனம் இதில் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இரண்டு கேள்விகளுக்கு அது தரும் விடையைப் பொறுத்தது. பேரிடர் நேர்ந்தால் கடைசி எத்தனை நிமிடத் தரவை இழக்கலாம்? எவ்வளவு நேரம் பணி நின்று போகலாம்? முதல் அளவை ஆர்.பி.ஓ. என்றும், இரண்டாவதை ஆர்.டி.ஓ. என்றும் துறையினர் சுருக்கமாகக் குறிப்பிடுவர்.

தோற்றம்

பல கணினிகளை இணைத்து ஒன்றுபோல இயக்கும் முறையை வணிக அளவில் பரவலாக்கியது அமெரிக்காவின் டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேசன் என்ற நிறுவனம். அது 1983ஆம் ஆண்டு அறிவித்த ‘வேக்ஸ் கிளஸ்டர்’ அமைப்பில் பல கணினிகள் ஒரே வட்டுகளைப் பகிர்ந்துகொண்டன. ஒரு கணினி பழுதானால் மற்றவை வேலையைத் தொடர்ந்தன. ஆனால் அவை எல்லாம் ஒரே கூடத்தில் இருந்தன. அந்தக் கூடமே எரிந்துபோனால் கொத்தால் பயனில்லை. ஒளியிழை வடங்கள் வந்த பிறகு கொத்தின் உறுப்புகளை வேறு கட்டடத்துக்கும், பின்னர் வேறு ஊருக்கும் கொண்டு செல்ல முடிந்தது. ஒரு வட்டில் எழுதும் ஒவ்வொன்றையும் தொலைவில் உள்ள இன்னொரு வட்டிலும் அதே நேரத்தில் எழுதும் ‘நிழல் நகல்’ முறை இதற்குத் துணை செய்தது.

இந்த ஏற்பாடு கடுமையாகச் சோதிக்கப்பட்ட நாள் 2001 செப்டம்பர் 11. ஜெர்மனியின் கோமர்ஸ் வங்கியின் நியூயார்க் அலுவலகம், தகர்க்கப்பட்ட உலக வணிக மையத்துக்குச் சுமார் 100 மீட்டர் அருகில் இருந்தது. அதன் கணினிக் கூடத்தில் குளிரூட்டல் நின்று வெப்பம் ஏறியதால் உள்ளூர் வட்டுகள் செயலிழந்தன. ஆயினும் முதன்மைக் கணினி, சுமார் 30 மைல் தொலைவில் ரை என்ற ஊரில் இருந்த நிழல் வட்டுகளைப் பயன்படுத்திக்கொண்டு தொடர்ந்து இயங்கியது. வங்கியின் தரவு தப்பியது.

இடம் வேறாக இருப்பதன் பொருள்

‘எங்களிடம் இரண்டு தரவு மையங்கள் உள்ளன’ என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது, அவை உண்மையில் இரண்டுதானா என்று கேட்க வேண்டும். பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். கிளவுட் நிறுவனத்துக்கு நான்கு தரவு மையங்கள் ஒரே வளாகத்தில் இருந்தன. 2021 மார்ச் 10 அன்று பின்னிரவில் அவற்றுள் ஒன்றில் பற்றிய தீ, ஐந்து மாடிக் கட்டடத்தை முழுமையாக எரித்து, பக்கத்துக் கட்டடத்தின் ஒரு பகுதியையும் அழித்தது. மற்ற இரண்டும் தீயில் சிக்கவில்லை; என்றாலும் வளாகம் முழுவதற்கும் மின்சாரம் துண்டிக்கப்பட்டதால் அவையும் நின்றன. பெயரளவில் நான்காக இருந்தவை பேரிடரின் பார்வையில் ஒன்றாகவே இருந்தன. காப்பு நகலையும் அங்கேயே வைத்திருந்த வாடிக்கையாளர் பலர் தம் தரவை மீளாமல் இழந்தனர். ‘ரஸ்ட்’ என்ற இணைய விளையாட்டின் ஐரோப்பிய வழங்கிகளில் இருந்த தரவும் அவ்வாறே போயிற்று.

தென்கொரியாவில் நிகழ்ந்தது இன்னும் பெரிது. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜியோன் நகரில் உள்ள தேசியத் தகவல் வள நிறுவனத்தில், லித்தியம் அயனி மின்கலங்களை இடம் மாற்றும் பணியின்போது தீ மூண்டது. அரசின் 709 கணினி அமைப்புகள் ஒரே இரவில் நின்றன. அந்த நிறுவனத்துக்கு குவாங்ஜு, டேகு ஆகிய நகரங்களிலும் மையங்கள் இருந்தன. ஆனால் மையங்கள் பலவாக இருந்ததாலேயே ஒவ்வோர் அமைப்புக்கும் இன்னோர் இடத்தில் இரட்டை இருந்ததாக ஆகிவிடவில்லை. அரசு ஊழியர்கள் தம் பணிக் கோப்புகளைச் சேமித்து வந்த ‘ஜி டிரைவ்’ என்ற கிடங்கில் 858 டெராபைட் தரவு இருந்தது. அளவு மிகப் பெரியது என்ற காரணத்தால் அதற்கு வெளியிடத்தில் நகல் வைக்கப்படவில்லை. அது முழுவதும் எரிந்துபோனது. நகலெடுக்க முடியாத அளவுக்குப் பெருகிவிட்ட தரவுக்குத்தான் நகல் மிகவும் தேவைப்படுகிறது என்பது வியப்பான முரண்.

எனவே இடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது. ஒரே நிகழ்வு இரண்டையும் தாக்குமா என்று பார்க்க வேண்டும். ஒரே ஆற்றின் கரை, ஒரே நிலப்பிளவு, ஒரே துணை மின்நிலையம் ஆகிய எதுவும் இரண்டு மையங்களையும் ஒன்றாக்கிவிடும். மும்பையில் இயங்கும் தேசியப் பங்குச் சந்தையின் மாற்று மையம் சென்னையில் உள்ளது. இந்தத் தேர்வைப் பருவமழையின் கோணத்தில் பார்க்கலாம். மும்பைக்குப் பெருமழை தருவது சூன் முதல் செப்டம்பர் வரையான தென்மேற்குப் பருவக்காற்று. அங்கு சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது 2005 சூலை 26 அன்று. சென்னைக்கு வெள்ளம் வருவது வடகிழக்குப் பருவத்தில். 2015இன் பெருவெள்ளம் டிசம்பர் தொடக்கத்தில் ஏற்பட்டது. இரு கடற்கரைகளும் வெள்ள ஆபத்து உடையவையே. ஆனால் இரண்டும் ஒரே வாரத்தில் மூழ்கும் வாய்ப்பு குறைவு.

மின்சாரத்தில் நிலைமை மாறியிருக்கிறது. 2012 சூலை இறுதியில் வட இந்தியா இருளில் மூழ்கியபோது, தனியாக இயங்கிய தென்மண்டல மின்தொகுப்பு பாதிக்கப்படவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று அதுவும் தேசியத் தொகுப்போடு ஒத்திசைவாக இணைக்கப்பட்டது. இது மின்வழங்கலுக்குப் பல வகையில் நன்மை. பேரிடர்த் திட்டம் வகுப்போருக்கோ, முன்பு தனித்தனியாக இருந்த ஓர் ஆபத்து இப்போது பொதுவாகிவிட்டது. பத்தாண்டுக்கு முன் வரைந்த திட்டத்தை அப்படியே வைத்திருக்கக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தொலைவின் விலை

அப்படியானால் இரண்டாவது மையத்தை முடிந்த அளவு தொலைவில் வைத்துவிடலாமே என்ற கேள்வி எழும். இங்குதான் இயற்பியல் குறுக்கிடுகிறது. ஒளியிழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதாவது 100 கிலோமீட்டர் போய் வர 1 மில்லிநொடி ஆகும். எவ்வளவு பணம் செலவிட்டாலும் இதைக் குறைக்க முடியாது.

நகலாக்கத்தில் இரண்டு வழிகள் உள்ளன. உடனிகழ் நகலாக்கத்தில், தொலைவில் உள்ள மையம் ‘எழுதிவிட்டேன்’ என்று பதில் அனுப்பிய பிறகே பரிமாற்றம் முடிந்ததாகக் கருதப்படும். இதில் எதுவும் இழக்கப்படாது. ஆனால் ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும். பின்தொடர் நகலாக்கத்தில், முதன்மை மையம் காத்திருக்காமல் வேலையை முடித்துவிட்டு, நகலைப் பின்னால் அனுப்பும். இது விரைவானது, ஆனால் அனுப்புவதற்கு முன் முதன்மை மையம் அழிந்தால் கடைசிச் சில நொடிகளின் பதிவுகள் தொலைந்துபோகும். பங்குச் சந்தையில் சில நொடி என்பது ஆயிரக்கணக்கான வணிகங்கள்.

ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். மும்பைக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டுத் தொலைவு ஏறக்குறைய 1,030 கிலோமீட்டர். போய் வரக் குறைந்தது 10 மில்லிநொடி. ஒரே கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிய வேண்டிய மாற்றங்கள் இருந்தால், உடனிகழ் முறையில் நொடிக்கு 100 மாற்றங்களுக்கு மேல் பதிய முடியாது. அதே மையம் 20 கிலோமீட்டரில் இருந்தால் 0.2 மில்லிநொடிதான், நொடிக்கு 5,000 வரை பதியலாம். ஆனால் 20 கிலோமீட்டர் என்பது ஒரே வெள்ளத்தில் மூழ்கக்கூடிய தொலைவு.

இதற்கு நிதித்துறை கண்ட வழி மூன்று மையங்கள். முதன்மை மையத்துக்குச் சற்று அருகில் ஓர் அண்மை மையம். அதற்கு உடனிகழ் முறையில் நகல் செல்லும். வெகு தொலைவில் மாற்று மையம். அதற்குப் பின்தொடர் முறையில் நகல் செல்லும். முதன்மை மையம் மட்டும் அழிந்தால், அண்மை மையத்தில் உள்ள கடைசிப் பதிவுகளை எடுத்துத் தொலை மையத்தில் சேர்த்துவிடலாம். இந்தியப் பங்குச் சந்தைகளுக்கு ‘செபி’ விதித்துள்ள நெறிமுறைகளும் இந்த அமைப்பையே பின்பற்றுகின்றன. மாற்று மையம் வேறு நில அதிர்வு மண்டலத்தில் இருப்பது விரும்பத்தக்கது என்றும் அவை கூறுகின்றன.

இணைப்பு அறுந்தால் யார் தலைமை?

புதியவர்கள் பலரும் எண்ணிப் பார்க்காத சிக்கல் ஒன்று உண்டு. அ, ஆ என்ற இரண்டு மையங்கள் உள்ளன எனக் கொள்வோம். அ மையத்திலிருந்து செய்தி வருவது திடீரென நின்றுவிடுகிறது. ஆ மையம் என்ன முடிவு செய்ய வேண்டும்? அ அழிந்திருக்கலாம், அப்படியானால் ஆ உடனே பொறுப்பேற்க வேண்டும். அல்லது இடையில் உள்ள வடம் மட்டும் அறுந்திருக்கலாம். அப்படியானால் அ இன்னும் மக்களுக்குச் சேவை செய்துகொண்டிருக்கிறது. ஆ மையத்தின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். எதிர்முனையில் மௌனம், அவ்வளவுதான்.

தவறாக முடிவு செய்து இரண்டும் ஒரே நேரத்தில் தலைமை ஏற்றால் என்ன ஆகும்? ஒரு தொடர்வண்டியில் ஒரே ஓர் இருக்கை மீதம் உள்ளது. அ அதை ஒருவருக்கு விற்கிறது. ஆ அதையே இன்னொருவருக்கு விற்கிறது. ஒரே கணக்கில் இருக்கும் 10,000 ரூபாயை இரண்டு ஊர்களில் இருவர் எடுக்கிறார்கள். பின்னர் வடம் சரியானதும் எந்தப் பதிவு உண்மை என்று சொல்ல வழியில்லை. இதனைப் பொறியாளர்கள் ‘ஸ்பிளிட் பிரெய்ன்’ என்பர். தமிழில் இருதலை நிலை எனலாம். ஓர் இடம் அழிவதைவிட இது மோசமானது. அழிவு கண்ணுக்குத் தெரியும். இருதலை நிலையில் அமைப்பு நன்றாக ஓடுவது போலவே தோன்றிக்கொண்டு, தரவு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கும்.

இதற்கான தீர்வு கூட்டம் நடத்துவோர் அனைவரும் அறிந்ததே. சங்கக் கூட்டத்தில் ‘கோரம்’ இல்லாவிட்டால் தீர்மானம் நிறைவேற்ற முடியாது அல்லவா? கொத்திலும் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வாக்கு தரப்படுகிறது. மொத்த வாக்குகளில் பாதிக்கு மேல் தன் பக்கம் இருப்பதாகக் காணும் பகுதி மட்டுமே தொடர்ந்து இயங்கும். மற்றது தானாகவே கைகட்டி நின்றுவிட வேண்டும். ஒரே வாக்குத் தொகுதியில் பாதிக்கு மேற்பட்ட பகுதிகள் இரண்டு இருக்க முடியாது என்பதால் இருதலை நிலை எழாது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. இரண்டே மையங்கள் இருந்து, இரண்டுக்கும் சம வாக்குகள் இருந்தால், இணைப்பு அறுந்ததும் இரண்டுமே பாதியில் நிற்கும், இரண்டும் முடங்கும். ஒன்றுக்குக் கூடுதல் வாக்கு தந்தால், அந்த மையமே அழியும்போது மற்றது எழ முடியாது. மூன்றாவதாக ஓர் இடம் தேவை. அங்கு பெரிய கணினிகள் வேண்டியதில்லை. யார் உயிரோடு உள்ளனர் என்று பார்த்து ஒரு வாக்கு அளிக்கும் சிறு கணினி போதும். இதனைச் சாட்சி மையம் என்பர். அதுவும் அ, ஆ இரண்டிலிருந்தும் தனித்த இடத்தில் இருக்க வேண்டும். அதை அ மையத்தின் மூலையிலேயே வைத்துவிட்டால், அதன் வாக்கும் அ மையத்தோடு சேர்ந்தே எரிந்துபோகும்.

செய்திகள் தாமதமாகவும் தொலைந்தும் போகும் சூழலில் பெரும்பான்மை முடிவை எப்படிப் பிழையின்றி எட்டுவது என்பதற்கு லெஸ்லி லாம்போர்ட் வகுத்த ‘பேக்சோஸ்’ என்ற முறை புகழ்பெற்றது. ஒரு கிரேக்கத் தீவின் கற்பனையான பழங்கால நாடாளுமன்றத்தின் கதைபோல அவர் எழுதிய அந்தக் கட்டுரை 1998இல் வெளியானது. கூகுளின் ‘ஸ்பேனர்’ போன்ற உலகளாவிய தரவுத்தளங்கள் இதை அடிப்படையாகக் கொண்டவை.

பெரும்பான்மை முறை மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனத்தில் பராமரிப்புப் பணியின்போது அமெரிக்கக் கிழக்குக் கரை மையத்துக்கான இணைப்பு 43 நொடிகள் அறுந்தது. தானியங்கி ஏற்பாடு விதிப்படியே பெரும்பான்மை கண்டு, மேற்குக் கரையைத் தலைமை ஆக்கியது. ஆனால் கிழக்கில் எழுதப்பட்ட சில நொடிப் பதிவுகள் மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. மேற்கிலோ புதிய பதிவுகள் குவியத் தொடங்கிவிட்டன. இரண்டையும் பொருத்திச் சரிசெய்து சேவை முழுமையாகத் திரும்ப 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. வாக்கெடுப்பு யார் தலைவர் என்பதைத்தான் சொன்னது; தலைவரிடம் முழுப் பதிவேடு இருக்கிறதா என்பதைப் பார்க்கவில்லை.

நகலே முதலைக் கவிழ்த்த நாள்

2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40க்கு வணிகம் நிறுத்தப்பட்டது. தீயில்லை, வெள்ளமில்லை. முதன்மை மையத்துக்கும் அண்மை மையத்துக்கும் இடையே இரு வேறு நிறுவனங்களின் தொலைத்தொடர்பு இணைப்புகள் இருந்தன. சாலையில் நடந்த தோண்டும் பணிகளால் இரண்டும் நிலைகுலைந்தன என்று சந்தை பின்னர் விளக்கியது. நகல் செல்லும் வழி தடைப்பட்டால் முதன்மைச் சேமிப்பகம் தனியே வேலையைத் தொடர்ந்திருக்க வேண்டும். மாறாக, எதிர்பாராத முறையில் அதுவே வழங்கிகளுக்கு எட்டாமல் போனது. இடர் மேலாண்மை அமைப்பு நின்றதால் வணிகத்தைத் தொடர முடியவில்லை. மாற்று மையத்துக்கும் மாறவில்லை. பிற்பகல் 3.45க்குத்தான் வணிகம் மீண்டும் தொடங்கி, மாலை 5 மணி வரை நீட்டிக்கப்பட்டது.

பாதுகாப்புக்காகச் சேர்த்த உறுப்பே அமைப்பைக் கவிழ்த்தது என்பதால் இந்நிகழ்வு பாடப்புத்தகத்தில் இடம்பெறத் தக்கது. அடுத்த மாதமே செபி விதிகளை இறுக்கியது. முக்கிய அமைப்பு தடைப்பட்டால் 30 நிமிடத்துக்குள் ‘பேரிடர்’ என அறிவிக்க வேண்டும். அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்தில் பணி தொடங்க வேண்டும். இழக்கும் தரவு 15 நிமிடத்துக்கு மேற்படக் கூடாது. முதல் விதிதான் இவற்றுள் முக்கியமானது. ‘இன்னும் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கையிலேயே மணிக்கணக்கில் கடந்துவிடுவது உலகெங்கும் காணப்படும் வழக்கம்.

இரு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கினால் இரு பாதைகள் கிடைத்துவிடும் என்பதற்கும் உறுதியில்லை. 2001 சூலை 18 அன்று பால்டிமோர் நகரின் ஹோவர்டு தெருச் சுரங்கத்தில் ஒரு சரக்குத் தொடர்வண்டி தடம் புரண்டு எரிந்தபோது, பல நிறுவனங்களின் ஒளியிழைகள் ஒன்றாக எரிந்தன. அனைவரும் வடம் பதிக்க அதே சுரங்கத்தையே பயன்படுத்தியிருந்தனர்.

எரிபொருள், கருவிகள், மனிதர்கள்

2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, மன்ஹாட்டனின் 75 பிராடு தெருக் கட்டடத்தில் இருந்த பியர் 1 தரவு மையத்தின் மின்னாக்கி மேல் மாடியில் பத்திரமாக இருந்தது. ஆனால் அதற்கு டீசல் ஏற்றும் பம்பு அடித்தளத்தில் இருந்தது. அங்கு தண்ணீர் புகுந்தது. ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் 17 மாடிப் படிகளில் வரிசையாக நின்று வாளிகளில் டீசலைக் கைமாற்றி ஏற்றி மையத்தை ஓட வைத்தனர்.

தென்கொரியாவின் ககாவோ நிறுவனம் இன்னொரு வகையில் தடுமாறியது. 2022 அக்டோபர் 15 அன்று பாங்யோ தரவு மையத்தில் தீப்பிடித்தபோது அதன் தரவுக்கு வேறிடத்தில் இரட்டை இருந்தது. ஆனால் அந்த இரட்டைக்கு மாறுவதற்கான மேலாண்மைக் கருவிகள் பாங்யோவில் மட்டுமே இருந்தன. பெட்டகத்தின் சாவியைப் பெட்டகத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டியது போன்ற நிலை. நாட்டு மக்களில் பெரும்பாலோர் பயன்படுத்தும் செய்திச் செயலி முழுமையாகத் திரும்பப் பல நாட்கள் ஆயின.

மனிதர்கள் இல்லாமல் போவது பற்றி எழுதுவது கடினம். 2001 செப்டம்பர் 11 அன்று கேண்டர் பிட்செரால்டு நிறுவனம் உலக வணிக மையத்தில் தன் ஊழியர் 658 பேரை இழந்தது. அதன் மின்னணு வணிக அமைப்புக்கு நியூஜெர்சியின் ரோசெல் பார்க்கில் மாற்று மையம் இருந்ததால், செப்டம்பர் 13 அன்று கடன்பத்திரச் சந்தை திறந்தபோது அதுவும் இயங்கியது. ஆனால் பல கோப்புகளின் கடவுச்சொற்கள் இறந்தவர்களுக்கு மட்டுமே தெரிந்தவை. அவற்றை ஊகிப்பதற்காக, துயரத்தில் இருந்த குடும்பத்தினரையே தொலைபேசியில் அழைத்து, அவர்களின் வாழ்க்கை விவரங்களைக் கேட்க வேண்டியதாயிற்று. கணினிக்கு இரட்டை இருந்தது. அறிவுக்கு இரட்டை இருக்கவில்லை.

காக்க முடியாதவை

பரவிய கொத்து பிழையையும் உண்மையாகவே நகலெடுக்கும். ஒருவர் தவறுதலாக ஓர் அட்டவணையை அழித்தால், அது சில மில்லிநொடிகளில் எல்லா மையங்களிலும் அழிந்துவிடும். தரவைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கும் தீநிரல்களுக்கும் இது பொருந்தும். ஆகவே பழைய நிலையைத் தனியே வைத்திருக்கும் காப்பு நகல் கொத்து இருந்தாலும் தேவை. 2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான வழங்கியில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்புக்கென வைத்திருந்த ஐந்து ஏற்பாடுகளில் எதுவும் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வேறொரு தேவைக்காகத் தற்செயலாக எடுக்கப்பட்டிருந்த ஆறு மணி நேரப் பழைய படியே கைகொடுத்தது.

ஒத்திகை

மாற்று மையம் வேலை செய்யுமா என்பதை அறிய ஒரே வழி அதற்கு மாறிப் பார்ப்பது. விடுமுறை நாளில் வெற்றுத் தரவோடு செய்யும் ஒத்திகை பாதி உண்மையையே காட்டும். தேசியப் பங்குச் சந்தை 2024 மார்ச் 2ஆம் நாள், சனிக்கிழமை, சிறப்பு வணிக நேரம் ஒன்றை நடத்தியது. அன்று உண்மையான பங்குகளே வாங்கி விற்கப்பட்டன. முதல் பகுதி முதன்மை மையத்திலும், இடைவேளைக்குப் பின் இரண்டாம் பகுதி மாற்று மையத்திலும் நடந்தன. அதே ஆண்டு மே 18 அன்றும் இது மீண்டும் நடத்தப்பட்டது.